‘உங்கள் உலாவி பழையது’ என்று எழுதி வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அரசு அலுவலகம், வங்கி, காப்புறுதி, பள்ளி, மின்சாரம், தண்ணீர் என்று மக்கள் போய்த்தான் தீர வேண்டிய அகப்பக்கங்களைத் திட்டம் போட்டு, குத்தகைக்கு விட்டு, நடத்திக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். யார் பேரையும் சொல்லப் போவதில்லை. ஒருவர் பேரைச் சொன்னால் மற்ற எல்லாரும் “நல்லவேளை, நாம் இல்லை” என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

நான் மலேசியாவின் பினாங்கில், தீவில் இல்லை, பாலத்துக்கு இந்தப் பக்கம், கணினியும் கைப்பேசியும் பழுது பார்க்கிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பது பேருக்குத்தான். பாதி நேரம் போட்டோஸ்டேட், மீதி நேரம் பாரம் நிரப்பிக் கொடுப்பது. உங்கள் அகப்பக்கத்தை நீங்கள் பார்ப்பதைவிட நான் அதிகம் பார்க்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், அதுவும் நீங்கள் கையில் தொட்டே பார்க்காத கருவிகளில்.

சரி, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய உலாவிகளை, அதாவது அகப்பக்கத்தைத் திறக்கிற குரோம் மாதிரி மென்பொருள்களின் பழைய பதிப்புகளை, கைவிடாதீர்கள் என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. தாராளமாகக் கைவிடுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 என்று ஒன்று 2001 ஆகஸ்டில் வந்தது, அதை ஒழிக்க உலகம் பத்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. 2010 மார்ச்சில் யூடியூப் அதைக் கைகழுவியது, 2011இல் அதைச் செய்த மைக்ரோசாஃப்ட்டே தனியாக ஓர் அகப்பக்கம் போட்டு “இதை விட்டுத் தொலையுங்கள்” என்கிற மாதிரி எந்த நாட்டில் எத்தனை விழுக்காடு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்த வரிசையின் கடைசி, 11ஆம் பதிப்பு, 2022 ஜூன் 15இல்தான் ஓய்வு பெற்றது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லாத ஒரு மென்பொருளில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். மறைகுறியாக்க விஷயத்திலும் அப்படித்தான்: உலாவிக்கும் அகப்பக்கத்துக்கும் நடுவில் போவதை மற்றவர் படிக்காமல் காக்கிற டிஎல்எஸ்ஸில், 1999இல் வந்த 1.0ஐயும் 2006இல் வந்த 1.1ஐயும் பெரிய உலாவிகள் 2020 வாக்கில் தூக்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது நீங்கள் கதவை மூடுகிற விதத்தில்.

வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு மஞ்சள் முக்கோணம், கீழே ஒரே வரி: உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை, தயவுசெய்து புதுப்பிக்கவும். அவ்வளவுதான். எந்த உலாவி, எந்தப் பதிப்பு வேண்டும், இந்தக் கருவியில் அது முடியுமா, முடியாவிட்டால் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது, ஒன்றும் கிடையாது. இதைப் பார்த்த மனிதர் “அண்ணே, கூகுள் கெட்டுப் போச்சு” என்று கைப்பேசியை என் மேசையில் வைப்பார். அவர் மேல் தப்பே இல்லை. உலாவி என்று ஒன்று தன் கையில் இருப்பதே அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

அப்புறம் நான் பார்ப்பேன். பார்த்தால் அந்த ஒரே வரிக்குப் பின்னால் நாலைந்து வேறு வேறு நோய் இருக்கும்.

சில சமயம் உலாவி பழையதே இல்லை, கைப்பேசியில் இடம் இல்லை. 16 ஜிபி கைப்பேசி, அதில் முக்கால்வாசி வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களும் சாமி வீடியோக்களும். குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடம் கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருக்கும். வீடியோக்களை அழித்தால் வேலை முடிந்தது. (அழிக்க அனுமதி வாங்குவதுதான் கஷ்டம்.)

சில சமயம் கோளாறு கடிகாரத்தில். மேசைக் கணினியின் உள்ளே ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டால் கணினியின் தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய்விடும். நான் நிஜமான பக்கம்தான் என்று காட்ட அகப்பக்கம் வைத்திருக்கிற சான்றிதழ் “இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும்” என்று சொல்கிறது, கணினி “நான் இன்னும் 2010இல் இருக்கிறேன், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே” என்கிறது, உடனே பாதுகாப்பில்லாத இணைப்பு என்று ஒரு பயங்கரமான பக்கம். சில வெள்ளி (ரிங்கிட்) விலைதான் அந்தப் பேட்டரி. வீட்டில் மகன் “இது ரொம்பப் பழசு, தூக்கிப் போடு” என்று சொல்லியிருப்பான், இவரும் புதுசு வாங்கக் காசு தேடிக்கொண்டு இருந்திருப்பார்.

சில சமயம் வேர்ச் சான்றிதழ், அதாவது மற்றச் சான்றிதழ்களை நம்பலாமா என்று பார்க்கக் கருவியிலேயே போட்டு வைத்திருக்கிற மூலச் சான்றிதழ். இது கொஞ்சம் உள்ளே போகிற விஷயம், ஆனால் உங்களில் தொழில்நுட்பம் பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021 செப்டம்பர் 30இல் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. உலகம் பூராவும் இலவசச் சான்றிதழ் கொடுக்கிற அமைப்பு அது, எத்தனையோ அகப்பக்கங்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு 7.1.1க்குக் கீழே இருந்த கைப்பேசிகளுக்குப் புதிய வேர் எது என்றே தெரியாது. அவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிடாமல், அவர்கள் பழைய வேரே புதிய வேருக்கு உறுதி சொல்கிற மாதிரி ஒரு குறுக்குக் கையொப்ப ஏற்பாடு செய்து 2024 வரை இழுத்துப் பிடித்தார்கள். அதோடு ஒரு யோசனையும் சொன்னார்கள்: ஃபயர்ஃபாக்ஸ் தன் வேர்ச் சான்றிதழ்களைத் தானே கொண்டுவருகிறது, அதைப் போட்டுக்கொண்டால் பழைய ஆண்ட்ராய்டிலும் பக்கம் திறக்கும். இந்த ஒரு வரி யோசனையை உங்கள் அறிவிப்புப் பக்கத்தில் போட எவ்வளவு செலவாகியிருக்கும்?

இதையெல்லாம் தாண்டி, எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுவது வேறு. உலாவி ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் தான் யார் என்று ஒரு வரி சொல்லும். உங்கள் குத்தகைக்காரர்கள் அந்த வரியைப் படித்து, பட்டியலில் இல்லையென்றால் வெளியே தள்ளிவிடுகிறார்கள். அந்த வரியின் வரலாறு தெரிந்தவர் யாரும் அதை நம்ப மாட்டார். இன்றைக்கும் குரோம், எட்ஜ், சஃபாரி எல்லாமே “மொசில்லா/5.0” என்று, பழைய நெட்ஸ்கேப் உலாவியின் பேரை எடுத்துக்கொண்டு, பொய் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கின்றன. 90களில் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்து மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத பக்கத்தைக் கொடுத்த அகப்பக்கங்களை ஏமாற்ற, எக்ஸ்புளோரர் போட்ட வேஷம் அது. பின்னால் வந்த எல்லாரும் அதே வேஷத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஆக, வாசலில் பேர் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்புகிற பழக்கத்துக்கு முப்பது வருட வயது, அன்றைக்கே அது தோற்றுப்போன பழக்கம்.

விண்டோஸ் 7இல் ஃபயர்ஃபாக்ஸ் 115 போட்ட கணினி ஒன்று கடைக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவுடையது, தமிழ்ப் பத்திரிகை படிக்கவும் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பேத்தியோடு பேசவும் வைத்திருக்கிறார். அவர் பாரம் நிரப்ப வேண்டிய ஓர் அலுவலகத்தின் பக்கம் “ஆதரிக்கப்படவில்லை” என்றது. நான் அந்த அடையாள வரியை மட்டும் புது குரோம் மாதிரி மாற்றிப் போட்டேன். பக்கம் திறந்தது. பாரம் ஓடியது. கோப்பு ஏறியது. ரசீது வந்தது. ஆதி முதல் அந்தம் வரை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முடியாது என்பதால் அவரைத் தடுக்கவில்லை, சோதித்துப் பார்க்கவில்லை என்பதால் தடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றில்லை, ஆனால் உங்கள் அறிவிப்பு இரண்டையும் ஒரே முகத்தோடுதான் சொல்கிறது.

ஃபயர்ஃபாக்ஸ் 115ஐப் பற்றி ஒரு வார்த்தை. குரோம் 2023 தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் விட்டது. ஃபயர்ஃபாக்ஸைச் செய்கிற மொசில்லா 115இன் நீண்டகாலப் பதிப்பைப் பழைய விண்டோஸ்காரர்களுக்காக வைத்துக்கொண்டு, முதலில் சொன்ன முடிவுத் தேதியை ஒரு முறைக்கு மேல் தள்ளிப் போட்டது. அதற்குப் புது வசதி எதுவும் வரவில்லை, ஓட்டை அடைப்பு மட்டும் வந்தது. மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் முற்றுப்புள்ளி வைத்தபோது, எட்ஜ் உலாவி மட்டும் அதில் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று தனியாகச் சொன்னது. பணம் சம்பாதிக்கிற பெரிய நிறுவனமே இயங்குதளம் வேறு, உலாவி வேறு என்று பிரித்துப் பார்க்கிறது. உங்கள் பக்கங்களில் சில “விண்டோஸ் 11 தேவை” என்கிற தொனியில் பேசுகின்றன, எதற்கென்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இனி, “மக்கள்தான் மாற மாட்டேன் என்கிறார்கள்” என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்வார்கள் அல்லவா, அவர்களுக்காக.

இந்த நாட்டில் எக்ஸ்புளோரரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று எங்களைப் பழக்கியது யார்? 2000களில் ஒரு வங்கிப் பக்கம், ஒரு அலுவலகப் பக்கம் வேறு உலாவியில் திறக்காது. ஆக்டிவ்எக்ஸ் போடு, ஜாவா போடு, பாப்அப் தடையை எடு, பாதுகாப்பைக் குறை, அப்போதுதான் உள்ளே விடுவோம் என்று எழுதி வைத்தீர்கள். நானே எத்தனை கணினிகளில் அப்படிப் பாதுகாப்பைக் குறைத்துக் கொடுத்திருப்பேன், நீங்கள் கொடுத்த கையேட்டைப் பார்த்துத்தான். இன்றைக்கு அதே ஆட்கள் பாதுகாப்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நன்றாகத் தெரியும். அப்போது ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகை அகப்பக்கத்துக்கும் ஒரு தனி எழுத்துரு. எக்ஸ்புளோரரில் திறந்தால் எழுத்துரு தானாக இறங்கித் தமிழ் தெரியும், வேறு எதில் திறந்தாலும் கட்டம் கட்டமாக அல்லது ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழ் எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்பதில் டிஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கச் சண்டை வேறு. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது, நான் மேலே சொன்ன எக்ஸ்புளோரர் 6 வந்த அதே மாதம். எழுத்துருவோடும் குறியாக்கத்தோடும் அந்தத் தலைமுறை ஆட்கள், இந்த நாட்டுக்காரர்களும்தான், எவ்வளவு மாரடித்தார்கள் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசியில் யூனிகோடு நிலைத்தது, எந்த உலாவியிலும் தமிழ் தெரிந்தது. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத பொதுத் தரத்துக்கு எழுதினால் போதும் என்று எங்களுக்கு அப்போதே விளங்கிவிட்டது. நீங்கள் இன்னும் “குரோமில் சிறப்பாகத் தெரியும்” என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எக்ஸ்புளோரர் இருந்த நாற்காலியில் குரோமை உட்கார வைத்துவிட்டீர்கள், வேறென்ன மாறியது?

சரி, மாறுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். எதில் மாறுவது? விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, அதாவது 2017இல் தொடங்கி வந்த சில்லு வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் கடைக்கு வருகிற மேசைக் கணினிகளில் நிறையப் பேருடையது அதற்கு முந்தியது, நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை. அலுவலகங்கள் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து விற்பார்கள், அதை வாங்கினவர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சில்லைக் கழற்றி, மேலே இருக்கிற பசையைத் துடைத்தால் பலவற்றில் அந்த உலோக மூடியில் “மலாய்” என்று பொறித்திருக்கும். இன்டெல் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை போட்டதிலிருந்து இங்கே பொருத்திச் சோதித்து அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்து அக்காமார்களில் எத்தனையோ பேர் அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள். அவர்கள் கை பட்டுப் போன சில்லாகவே இருக்கலாம், சுற்றிக்கொண்டு திரும்பி வந்து அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, இன்னும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் இனி இது செல்லாது என்கிறார்கள்.

கைப்பேசியிலும் இதே கதை. குரோம் 2025இல் 138ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 8ஐயும் 9ஐயும் விட்டது. அந்தக் கைப்பேசிக்கு ஆண்ட்ராய்டு 10ஐக் கொடுக்க வேண்டியது அதைச் செய்த நிறுவனம், அது கொடுக்காது, வாங்கினவர் என்ன பண்ணுவார்? ஐபோன் 6 வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். அது ஐஓஎஸ் 12ஓடு நின்றுவிட்டது. “சஃபாரி பழையது, குரோம் போட்டுக்கொள்ளுங்கள்” என்று உங்கள் உதவி மேசை சொல்கிறது, அதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் கைப்பேசியில் குரோம் போட்டாலும் உள்ளே பக்கத்தைக் காட்டுகிற இயந்திரம் அதே ஆப்பிளின் வெப்கிட்தான். சட்டையை மாற்றச் சொல்கிறீர்கள், உடம்பு அதேதான்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சுமாரான ஒரு மடிக்கணினி வாங்க அதில் எவ்வளவு போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் நினைத்தால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது, அதனால்தான் எனக்கு இன்னும் ஆதங்கம். 2019இல் அனலாக் தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். முதலில் ஜூலையில் லங்காவியில் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள், அப்புறம் பகுதி பகுதியாக, அக்டோபர் கடைசியில் நாடு முழுவதும். உதவித்தொகை வாங்குகிற குடும்பங்களுக்கு டிகோடர் பெட்டி இலவசம். பழைய பெட்டி டிவியை யாரும் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை, பின்னால் ஒரு பெட்டியைச் செருகினால் போதும். 2021 கடைசியில் 3ஜி நின்றபோதும் அப்படித்தான், முன்கூட்டியே தேதி சொல்லி, எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ் அனுப்பி, கடையில் வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். படம் பார்க்கிற பெட்டிக்கு இவ்வளவு மரியாதை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற, சேமநிதியைப் பார்க்கிற, பிள்ளையைப் பள்ளியில் பதிகிற வழி மூடும்போது ஒரு மஞ்சள் முக்கோணம்.

“அப்படிப் பழசு வைத்திருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம், எங்கள் புள்ளிவிவரத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை” என்பது உங்கள் பதில் என்று எனக்குத் தெரியும். அந்தப் புள்ளிவிவரத்தை எதை வைத்து எடுக்கிறீர்கள்? பக்கத்தை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் என்கிற நிரலால் எண்ணுகிற கருவியை வைத்து. பழைய உலாவியில் முதலில் உடைவதே அந்த ஜாவாஸ்கிரிப்ட்தான். புதுக் குறியீட்டைப் படிக்கத் தெரியாமல் முதல் வரியிலேயே நின்றுவிட்டால், எண்ணுகிற கருவியும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். திரும்பிப் போனவர் உங்கள் கணக்கிலேயே வரமாட்டார். பிரிட்டன் அரசாங்கத்தின் இணையக் குழு 2013இல் இதை வேறு வழியில், பக்கத்தில் படங்களை வைத்து எது இறங்குகிறது எது இறங்கவில்லை என்று பார்த்து எண்ணியது. 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அதில் வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தவர்கள் 0.2 விழுக்காடுதான், மீதி 0.9 விழுக்காட்டினருக்கு உலாவியோ இணைப்போ வேறெதுவோ, எப்படியோ அது ஓடவில்லை. நாட்டுக்கே பொதுவான ஒரு பக்கத்தில் நூற்றில் ஒருவர் என்றால் எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள்.

அந்தப் பிரிட்டன் குழுவினரும் எக்ஸ்புளோரர் 11ஐக் கைவிட்டவர்கள்தான், ஆனால் கைவிட்ட விதம் வேறு. புது உலாவிக்கு மட்டும் புரிகிற முறையில் ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்தார்கள். பழைய உலாவி அதைத் தொடாமல் தாண்டிவிடும். பக்கம் கொஞ்சம் மொட்டையாகத் தெரியும், தானாக விரிகிற பெட்டி விரியாது, ஆனால் படிக்கலாம், பாரத்தை நிரப்பி அனுப்பலாம். ஆதரவை நிறுத்துவது என்றால் இதுதான். இனி உனக்காகத் தனியாகச் சோதிக்க மாட்டேன், அழகாக இருக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் வாசலில் நின்று கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்கள் பாதுகாப்பு வாதத்துக்கே எதிராகப் போகிற விஷயம். “உங்கள் உலாவியைப் புதுப்பிக்கவும்” என்கிற அதே வாசகம், அதே மஞ்சள் முக்கோணம், கூடவே ஒரு பொத்தான், இதை வைத்துத்தான் திருடர்களும் வலை விரிக்கிறார்கள். போலிப் புதுப்பிப்பை நிஜம் என்று நம்பி அழுத்தி, எதையெதையோ இறக்கிக்கொண்டு வருகிறவர்களின் கணினியை நான்தான் கழுவுகிறேன். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு, அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கிற கூட்டம் இந்த நாட்டில் என்ன ஆட்டம் போட்டது என்று உங்களுக்கே தெரியும். 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் கடவு எண்ணை விட்டு வேறு முறைக்குப் போங்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னதே இந்த மாதிரி மோசடிகளால்தான். இப்படி இருக்கும்போது, எந்த விளக்கமும் இல்லாமல் புதுப்பி புதுப்பி என்று மட்டும் சொல்லி மக்களைப் பழக்கினால், அடுத்து யார் அப்படிச் சொன்னாலும் அழுத்துவார்கள். ஒரு அக்கா, பிறையிலிருந்து வருவார், துணி தைக்கிறவர், “நீங்க சொன்ன மாதிரிதான் அதுவும் சொல்லிச்சு தம்பி, எது நிஜம் எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலிலும் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. திருட்டு விண்டோஸைப் போட்டு, தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து, “சூப்பரா ஓடும் அங்கிள்” என்று விற்கிற கடைகள் இருக்கின்றன. அது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உள்நுழைவு, பணம் கட்டுவது, கடவுச்சொல், இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்குங்கள். பழைய உலாவியில் முடியாது என்றால் முடியாதுதான். ஆனால் அலுவலக நேரம், முகவரி, தொலைபேசி எண், எந்தப் பாரத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், கடைசித் தேதி எது, இதையெல்லாம் படிக்க எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை. வெறும் எழுத்து. அதை ஏன் பூட்டுகிறீர்கள்? தொலைபேசி எண்ணைக்கூட ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், உதவி கேட்கக் கூப்பிட வேண்டியவருக்கு அந்த எண்ணே தெரியாது. பாரத்தைச் சாதாரண பிடிஎஃப்பாகப் போடுங்கள்; திறந்தால் “தயவுசெய்து காத்திருக்கவும்” என்று மட்டும் காட்டிவிட்டு, அடோபி ரீடர் இல்லாவிட்டால் பல இடங்களில் கடைசிவரை ஒன்றும் வராத அந்த வகைப் பாரம் புதிய உலாவியிலும் திறக்காமல் போவதுண்டு, அதற்கும் பழி பழைய கணினி மேல் விழுகிறது.

பேர் கேட்டு விரட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் பக்கத்துக்கு ஒரு வசதி தேவையென்றால் அந்த வசதி அந்த உலாவியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் விடுங்கள். விடவே முடியாது என்றால் குறைந்தது ஆறு மாதம் முன்னாலேயே, அந்த ஆள் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே, இன்ன தேதிக்கு அப்புறம் இந்தக் கைப்பேசியில் இது திறக்காது என்று சொல்லுங்கள். மலாயிலும் சொல்லுங்கள், தமிழிலும் சீனத்திலும் சொல்லுங்கள், இரண்டு வரிதான். புதுப்பித்தால் சரியாகுமா, இடம் காலி செய்ய வேண்டுமா, ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் போதுமா, ஒன்றுமே நடக்காது என்றால் எந்த முகப்பிடத்துக்கு ஐசியோடு (அடையாள அட்டையோடு) போனால் கையால் செய்து கொடுப்பார்கள் என்று சொல்லுங்கள். முகப்பிடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல்லி வையுங்கள், அங்கே போனால் “ஆன்லைன்ல பண்ணுங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள், அந்த மனிதர் மறுபடி என் கடைக்குத்தான் வருகிறார். எனக்கு வியாபாரம் நல்லதுதான், ஆனாலும் அசிங்கமாக இருக்கிறது, அவருக்குச் சேர வேண்டிய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவரிடமே காசு வாங்குவது.

குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள் என்றும் கேட்கிறேன். புதுக் கைப்பேசியில், அலுவலக வைஃபையில் திறக்கிறது என்று காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். சில வருடம் பழைய, விலை குறைந்த கைப்பேசியில், இரண்டு கட்டம் சிக்னலில் திறந்து காட்டச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். உங்களிடம் அந்த மாதிரிக் கைப்பேசி இருக்காது என்று தெரியும். ஜார்ஜ்டவுனிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஆளை அனுப்புங்கள். வாடிக்கையாளர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போகாத ஆண்ட்ராய்டு 6, 7, 8, 9, இரண்டு மூன்று ஐபோன் 6, விண்டோஸ் 7 மடிக்கணினி எல்லாம் கடையில் சும்மாதான் கிடக்கிறது. சார்ஜ் போட்டு வைக்கிறேன், உட்கார்ந்து சோதித்துவிட்டுப் போகட்டும். வாடகை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இல்லை.